குஞ்சு காக்கும் விராலும் சால்மன் ஆறும்

(மயிலாடுதுறையில் தூண்டில் நண்பர்கள் கூடியபோது பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, ரீல் தூண்டிலோடு வந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

காவிரிக்கரையில் சால்மனுக்கு என்ன வேலை என்று முன்வரிசையில் ஒருவர் இப்போதே சிரிக்கிறார். நியாயம்தான். நம் தண்ணீரில் அந்த மீன் கிடையாது. மீன்கடையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது நம்ம காலா மீன். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

சால்மன் குளிர்நாட்டு ஆற்றில் பிறக்கும், கடலில் வளரும், முட்டையிட மறுபடி பிறந்த ஆற்றுக்கே வரும். தன் ஆறு எது என்று தண்ணீரின் வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடும். ஆற்றில் ஏறத் தொடங்கிய பிறகு இரை எடுப்பதும் ஏறக்குறைய நின்றுபோகும். அந்த நேரத்தில் ஒரு பெண்மீனைக் கரையில் போட்டால், வயிற்றில் இருக்கும் ஆயிரக்கணக்கான முட்டைகளும் அதோடு போச்சு.

நமக்கும் அப்படி ஒரு மீன் இருந்தது. வங்காளிகள் உயிரை விடும் ஹில்சா, நம் உள்ளம் மீன். கடலிலிருந்து கொள்ளிடத்தில் எதிர்நீச்சல் போட்டு ஏறி வந்த மீன் அது. அணைக்கரையில் குறுக்கே அணை வந்தது. மேலே 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. தண்ணீரும் குறைந்தது, வழியும் அடைந்தது. அமெரிக்காவில் எல்வா ஆற்றில் 2011-க்கும் 2014-க்கும் இடையில் இரண்டு அணைகளை இடித்து, சால்மனுக்கு வழி திறந்துவிட்டார்கள். ஐயா, பதற வேண்டாம், கல்லணையை இடிக்கச் சொல்ல நான் வரவில்லை! குறுவைக்குத் தண்ணீர் வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

அணை நம் கையில் இல்லை. தூண்டில் நம் கையில்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஏப்ரல் 1-க்கு முன் தூண்டிலில் சிக்கும் சால்மனைத் திரும்ப ஆற்றில் விட்டாக வேண்டும், அது சட்டம். வசந்தத்தில் முன்னால் ஏறி வரும் மீன் குறைந்துபோனதால் வந்த கட்டுப்பாடு. நாம் பார்க்காத விஷயமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்று நாகப்பட்டினத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வாய்க்கால் மீனுக்கு மட்டும் நாம் நாள் குறித்துக்கொள்வதில்லை.

விராலை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வாய்க்கால் ஓரம், ஆகாயத்தாமரைக்கு நடுவே கொஞ்சம் வெட்டவெளி இருக்கும். அங்கே செந்நிறப் புள்ளிகளாக ஒரு கூட்டம் கொதிக்கிற மாதிரி மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்கும். அது குஞ்சுக்கூட்டம். அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை வீசினால் விரால் பாயத்தான் செய்யும். அது பசியில் பாயவில்லை, எதிரி வந்துவிட்டான் என்று பாய்கிறது. இதில் நம் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

"போட்டோ எடுத்துவிட்டு விட்டுவிடுகிறோமே" என்பார்கள். சால்மனைத் தண்ணீரை விட்டு வெளியே வைத்திருந்தால் தவித்துப்போகும். விரால் காற்றையும் சுவாசிக்கும், அதனால் கொஞ்சம் தாங்கும். சரி, விரால் தாங்கும். குஞ்சுகள்? நீங்கள் போஸ் கொடுத்து முடிப்பதற்குள் கெண்டையும் கெளுத்தியும் கூட்டத்துக்குள் புகுந்துவிடும். குஞ்சுக்கூட்டம் கண்ணில் பட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மதகுக்குப் போங்கள்.

மற்ற மீனை விடுவதானால் கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை பட்டால் மேல்வழவழப்பு உரிந்து நோய் புகும். தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர் இருக்கிறதே, அதைக் குறடால் நசுக்கிவிட்டால் வாய் கிழியாமல் முள் கழன்று வரும். இரண்டு மீன் தப்பும், போகட்டும். குழம்புக்கு எடுப்பதை நான் குறை சொல்லவே இல்லை, நானும் சாப்பிடுகிறவன்தான்.

பேட்டரி வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. வெடியும் நஞ்சும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம்.

அப்புறம் உங்கள் விரால் போட்டி. ஐப்பசியில் வைத்திருக்கிறீர்கள், குஞ்சு காக்கும் நேரம். தை கடைசிக்கு மாற்றுங்கள். மாற்றினால் முதல் பரிசு ரீல் என் செலவு.