பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். இந்த உரை ஒலிக்கும் வானொலிப் பெட்டியைத் தூக்கி, அறை மூலையில் இரண்டு சுவரையும் ஒட்டி வையுங்கள். என் குரல் கனத்து, பானைக்குள்ளிருந்து பேசுவது போல ஆகியிருக்கும். பெட்டி அதேதான்; மூலை தன் பங்கைச் சேர்த்திருக்கிறது. பாட்டுக் கேட்கும் அறையை இப்படி அளந்து சரிசெய்வது பற்றித்தான் இன்றைய பேச்சு.

நம் வீடுகளில் சாதாரணமான ஓர் அறை: 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. ஒலியின் வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், அறை எந்த ஒலிக்குத் தானே முழங்கும் என்பது தெரிந்துவிடும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 47 அதிர்வு; 10 அடிக்கு 57. எண் குறையக் குறைய ஒலி தாழ்ந்தது. இங்கே அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57-இல் இரண்டு முழக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் மட்டும் இடிப்பதும் அடுத்தது காணாமல் போவதும் இதனால்தான்.

இதை அளந்து பார்க்கலாம். அறையின் ஒலியை அளக்கும் ஆர்.இ.டபிள்யூ. (ரூம் ஈக்யூ விஸார்ட்) என்ற கணினி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். அளவீட்டுக்கென்றே விற்கும் யூஎஸ்பி மைக்கை, அதற்குரிய திருத்தக் கோப்போடு வாங்குங்கள். பல செல்போன் மைக்குகள் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும். உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் மைக்கை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சோபா முதுகில் சாய்த்து வைத்தால் அளவு கெடும். மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிட்டு, 75 டெசிபல் சத்தத்தில், மென்பொருளின் சோதனை ஒலியை இடது வலது ஸ்பீக்கர்களில் தனித்தனியே 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஓட்டுங்கள். திரையில் வரும் வரைகோட்டின் ஏற்ற இறக்கங்களை அதிகம் மழுப்பிப் பார்க்காதீர்கள். அழகாகத் தெரியும், ஆனால் 57-இன் மேடு மறைந்துபோகும்.

அடுத்தது காசில்லாத வேலை. 12 அடி அறையின் சரிபாதியில் உட்கார்ந்தால் 47 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய கேட்கவே கேட்காது. பின்சுவரிலிருந்து நாலரை அடியில் தொடங்கி, அரையரை அடியாக இருக்கையை நகர்த்தி அளந்துகொண்டே வாருங்கள். ஸ்பீக்கருக்கும் பின்னாலுள்ள சுவருக்கும் இரண்டடி இடைவெளி என்றால் 141 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். அதை ஈக்வலைசரால், அதாவது ஒவ்வொரு ஒலியையும் தனியே கூட்டிக் குறைக்கும் கருவியால், நிரப்பப் பார்ப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு திறன் தர வேண்டும். சுவரிலிருந்து திரும்பும் ஒலியும் அதே அளவு ஏறி அதை அழித்துவிடும். ஸ்பீக்கரை நகர்த்துவதே வழி.

பிறகு எதிரொலி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் சபைன் 1895 முதல் நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கிக் கண்ட சூத்திரம் இன்றும் உதவுகிறது. நம் அறையின் கொள்ளளவு 34 கன மீட்டர். 0.161-ஐ இதனால் பெருக்கி, மொத்த உறிஞ்சுதலால் வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம் வரும். வெறும் அறையில் நாலு விநாடிக்கு மேல். 0.4 விநாடிக்கு இறங்க, முழுதாக உறிஞ்சும் பரப்பு 14 சதுர மீட்டருக்குச் சமமாக வேண்டும். கட்டில் மெத்தையும் கனத்த திரைச்சீலையும் புத்தக அலமாரியும் அதில் ஒரு பங்கைத் தந்துவிடும்.

மிச்சத்துக்கு முட்டை அட்டை உதவாது. ஓர் அங்குல ஃபோமும் உயர்ந்த ஒலியை மட்டும் தின்றுவிட்டு, முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். பாட்டு மங்கலாகவும், தாழ்ந்த ஒலி மட்டும் இடிப்பதாகவும் இருக்கும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு), 4 அங்குலக் கனம், மரச்சட்டத்தில் அடைத்துத் துணி போர்த்தியது: இதுதான் சரியான சரக்கு. துணியை வாயில் வைத்து ஊதினால் மூச்சு தாராளமாகப் போக வேண்டும், ரெக்ஸின் கூடாது. வேலை செய்யும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். மூலைகளில்தான் முதலில் நிறுத்த வேண்டும். பக்கச் சுவருக்கு, ஒருவர் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் புள்ளியில், ராக்வூல் சட்டத்தைச் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி மாட்டுங்கள்.

மறுபடி அளந்து, எஞ்சிய மேடுகளை மட்டும் ஈக்வலைசரில் குறையுங்கள். குறைத்தபின் மைக்கைப் பக்கத்து நாற்காலியிலும் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். உங்கள் இருக்கைக்குச் சரியான திருத்தம் அங்கே உட்காருபவருக்குப் பேஸையே, அதாவது தாழ்ந்த ஒலியையே, பிடுங்கியிருக்கலாம்.