ஏட்டுச் சுரைக்காயும் குவார்ட்டர்பேக்கும்

(டெக்சாஸில் எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, விழாவுக்குத் தலைமை தாங்கும் மருத்துவர் ஐயா அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்த தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மையார் அவர்களே, அணிச் சட்டையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உயர்நிலைப் பள்ளித் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். காலையிலிருந்து அடுப்படியில் நின்று நமக்கெல்லாம் சோறு போட்டவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைப் புள்ளிவிவரத்தை வைத்து எடைபோடலாமா? நான்கு செய்திகளைத் தொட்டுப் பேசப்போகிறேன்: ஆட்ட முறை, எதிரணியின் பலம், காற்றும் பனியும், கடைசியாக 'சாக்' கணக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

ஹவாய் பல்கலைக்கழகத்தின் கோல்ட் பிரென்னன் 2006-ல் ஒரே பருவத்தில் 58 டச்டவுன், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் எறிதல், எறிந்தார். அவருக்கு முன் அங்கே ஆடிய டிம்மி சாங் தம் கல்லூரி நாட்களில் மொத்தம் 17,072 கெஜம் எறிந்து சாதனை படைத்தார். கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் என்.எஃப்.எல். தேர்வில் சாங்கை எந்த அணியும் எடுக்கவில்லை. பிரென்னன் ஆறாவது சுற்றில்தான் போனார். இருவரும் திறமைசாலிகள், சந்தேகமில்லை. ஆனால் ஓயாமல் எறியச் சொல்லும் ஆட்ட முறையில் எண்கள் தானே குவியும். மறுபக்கம் பாருங்கள். வயோமிங் பல்கலைக்கழகத்தில் ஜாஷ் ஆலன் 2017-ல் எறிந்தவற்றில் 56.3 விழுக்காடுதான் பிடிபட்டது. 2024 பருவத்தின் என்.எஃப்.எல். மிகச் சிறந்த வீரர் அவர்தான்! ஏட்டுச் சுரைக்காய், ஐயா!

எதிரணியின் பலத்துக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2016 அக்டோபர் 22, நம் மாநிலத்து லபக் நகரம். டெக்சாஸ் டெக் பக்கம் பேட்ரிக் மஹோம்ஸ், ஓக்லஹோமா பக்கம் பேக்கர் மேஃபீல்ட். இந்த மேஃபீல்ட் யார் தெரியுமா? 2013-ல் உதவித்தொகை இல்லாமலே டெக்சாஸ் டெக்கில் சேர்ந்து ஆடியவர். இப்போது பழைய மைதானத்துக்கே எதிரணிச் சட்டையில் வந்து நிற்கிறார். அவர் ஏழு டச்டவுன் எறிகிறார். மஹோம்ஸ் விடுவாரா? 88 முறை எறிகிறார், 52 பிடிபடுகின்றன, 734 கெஜம், ஐந்து டச்டவுன். ஓடியதையும் சேர்த்தால் 819. ஆட்டம் முடிந்து பார்த்தால் இரண்டு அணிகளும் சொல்லிவைத்தாற்போல் 854 கெஜம்! ஓக்லஹோமா 66, டெக்சாஸ் டெக் 59. அத்தனை எறிந்தவர் தோற்றுப்போனார். அந்த 734-ல் எதிரணித் தடுப்பின் ஓட்டையும் அடக்கம், தன் அணியின் தடுப்பு காப்பாற்றாததால் எறிந்துகொண்டே இருக்க வேண்டிவந்த நிலையும் அடக்கம். மறு ஆண்டுத் தேர்வில் அவர் பத்தாவதாகத்தான் போனார். இன்று என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை மூன்று முறை வென்றவர்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே, காற்றையும் பனியையும் விட்டுவிட்டு, நான் வந்த காரியமான சாக் கணக்குக்கு வருகிறேன்.

இப்படிக் கற்பனை செய்யுங்கள்: மூன்றாவது முயற்சி, பத்து கெஜம் முன்னேற வேண்டும். காவல் வரிசையில் ஒருவர் சறுக்குகிறார். ஓடிய தோழர்கள் எல்லோரையும் எதிரணி மறித்து நிற்கிறது. குவார்ட்டர்பேக் பையன் புத்திசாலித்தனமாகப் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்தால் அவன் எறிந்தவற்றில் பிடிபட்ட விழுக்காடு குறைகிறது. எறியாமல் பிடித்துக்கொண்டே நின்று அமுக்கப்பட்டால், அதுதான் சாக், எட்டு கெஜம் பின்னே போனாலும் விழுக்காட்டுக்குச் சேதமில்லை! 1979-லிருந்து கல்லூரிகளில் வழங்கும் பாஸிங் எஃபிஷியன்ஸி கணக்கில் பிடிபட்டவை, கெஜம், டச்டவுன், எதிரணி பறித்துக்கொண்ட இன்டர்செப்ஷன் ஆகிய நான்கையும் எறிந்த எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். சாக்குக்கு அதில் இடமே இல்லை. இழந்த கெஜத்தை எங்கே கழிக்கிறார்கள்? ஓட்டக் கணக்கில். 60 கெஜம் ஓடிய பையன் 50 கெஜம் சாக்கில் இழந்தால் ஏட்டில் அவன் ஓடியது பத்து. என்.எஃப்.எல். இந்த இழப்பை அணியின் பாஸிங் கணக்கில் கழிக்கிறது. கல்லூரிக்கு மட்டும் ஏன் இந்த வழக்கம்? ஓடத் தெரிந்த பையன்களுக்கு இது அநியாயம். இந்த ஏட்டுச் சுரைக்காயைத்தான் நம் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார்கள்.

விதியை மாற்றச் சொல்லி, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசலில் புத்தக மேசைக்குப் பக்கத்தில் தாள் இருக்கிறது. தம்பிகளே, உங்கள் பயிற்சியாளருக்கும் ஒரு படி கொண்டுபோய்க் கொடுங்கள். பெரியவர்கள் கையெழுத்தோடு ஊரையும் எழுதுங்கள். சாப்பாட்டுக்குப் போகும் வழியிலேயே முடித்துவிடலாம், பேனா நான் தருகிறேன்.