உப்புவெளி விடுதியும் பதினொரு தொலைபேசிகளும்

வணக்கம். திருகோணமலை பிரெட்றிக் கோட்டையின் மதில் நிழலில் அமர்ந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் இரண்டு மான்கள் மேய்வது உங்களுக்குத் தெரியும். கடற்காற்றின் இரைச்சல் இடையிடையே ஒலிவாங்கியில் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று வலையமைப்புப் பாதுகாப்புக்கும் தரவுத் தனியுரிமைக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பாதுகாப்பைச் சரியாகச் செய்துவிட்டால் தனியுரிமை தானாகவே வந்து சேரும் என்ற எண்ணத்தோடுதான் நான் பல காலம் வேலை செய்தேன். அது பிழை என்பதைச் சென்ற மாதம் இங்கே பக்கத்தில் உள்ள கடற்கரை ஊரான உப்புவெளியில் கண்ணால் கண்டேன்.

சிறிய விடுதிகளுக்கு வைஃபை போட்டுக் கொடுப்பது என் தொழில். எட்டு அறைகள் கொண்ட ஒரு விடுதியின் உரிமையாளர் என்னை அழைத்து, “ஒருத்தரும் உள்ளுக்கு வராத மாதிரிப் போட்டுத் தாங்கோ தம்பி” என்றார். றவுட்டரோடு வந்த பழைய கடவுச்சொல்லை மாற்றினேன். அதன் மென்பொருளைப் புதுப்பித்தேன். வைஃபையில் போகும் தரவைப் பிறர் வாசிக்காதபடி பூட்டும் டபிள்யூபிஏ3 முறையை இயக்கினேன். விருந்தினரின் தொலைபேசிகள் வரவேற்பறைக் கணினியையோ கண்காணிப்புக் கமராவின் பதிவுப் பெட்டியையோ எட்டாதபடி, அவர்களுக்கென்று தனி வலையமைப்பைப் பிரித்துக் கொடுத்தேன். மென்பொருளைப் புதுப்பிப்பதை அலட்சியம் செய்யாதீர்கள். அதற்கு முன் உலகமே நம்பியிருந்த டபிள்யூபிஏ2 முறையில்கூட 2017இல் கிராக் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது; புதுப்பித்த கருவிகளில் அது அடைபட்டது, புதுப்பிக்காதவற்றில் திறந்தே கிடந்தது.

வேலையை முடித்து வேகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்து இறங்கினார்கள். வரவேற்பறையில் இருந்த தங்கை அவர்களுடைய கடவுச்சீட்டுகளைத் தன் தொலைபேசியால் படம் எடுத்து, பதிவுக்காக என்று ஊழியர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தக் குழுவில் எத்தனை பேர் என்று கேட்டேன். பதினொரு பேர். அவர்களில் இருவர் வேலையை விட்டுப் போய் மாதங்கள் ஆகியிருந்தன.

இங்கே நடந்ததைச் சற்று நிதானமாகப் பாருங்கள். வட்ஸ்அப் 2016 முதல் செய்திகளை முனைக்கு முனை மறையாக்கம் செய்தே, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் வாசிக்கக்கூடியபடி பூட்டியே அனுப்புகிறது. நான் போட்ட வலையமைப்பிலும் ஓட்டை இல்லை. வழியில் எவராலும் அந்தப் படத்தைத் திறந்து பார்த்திருக்க முடியாது. அவ்வளவு பத்திரமாகப் பயணம் செய்த படம், அதைப் பார்க்க எந்தத் தேவையும் இல்லாத ஒன்பது பத்துப் பேரின் கைகளில் போய்ச் சேர்ந்தது. அவர்களில் சிலரின் தொலைபேசி அதைப் படத்தொகுப்பில் தானாகச் சேமித்து, அங்கிருந்து இணையக் களஞ்சியத்துக்கும் ஏற்றியிருக்கும். அனுமதி இல்லாதவர் உள்ளே வர முடியுமா என்பது பாதுகாப்பின் கேள்வி. அனுமதி பெற்றவர் எதற்காக வாங்கினார், யாருக்குக் கொடுத்தார், எத்தனை நாள் வைத்திருக்கிறார் என்பது தனியுரிமையின் கேள்வி. நான் முதலாவதற்கு மட்டும் கூலி வாங்கியிருந்தேன்.

இந்தக் கோட்டையையே பாருங்கள். 1782ஆம் ஆண்டில் மட்டும் இது ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. மதில் அதே மதில்தான். உள்ளே இருந்தவற்றின் மேல் யாருக்கு அதிகாரம் என்பதுதான் ஒரே ஆண்டில் இரண்டு முறை மாறியது.

உலகம் அறிந்த இரண்டு சம்பவங்கள் இதை இன்னும் தெளிவாக்கும். 2017இல், மக்களின் கடன் விவரங்களைச் சேகரித்து வைக்கும் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில், திருத்தம் வெளிவந்த பின்னும் அடைக்கப்படாத ஒரு மென்பொருள் ஓட்டை வழியாகச் சுமார் 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. பூட்டு உடைந்ததால் தனியுரிமையும் போயிற்று. 2018இல் வெளியே வந்த, கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில் எந்தப் பூட்டும் உடையவில்லை. முகநூலே அன்று அனுமதித்திருந்த வழியில் ஒரு செயலி 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையானோரின் தரவுகளை எடுத்துச் சென்றது. பலர் அந்தச் செயலியைத் தொட்டதே இல்லை. அவர்களுடைய நண்பர் ஒருவர் தொட்டிருந்தார்.

வெளிநாட்டவரின் கடவுச்சீட்டு நமக்கு என்ன என்று சிலர் எண்ணலாம். நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள், புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு, பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டில் நீங்கள் பிறந்தது எத்தனையாவது நாள் என்பதைச் சொல்கின்றன; பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். ஆகவே போட்டோப்பிரதிக் கடையில் மேசை மேல் விட்டுவந்த ஒரு பிரதியின் இலக்கத்தை மட்டும் வாசித்தாலே பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். நம்மில் எத்தனை பேர் பிறந்த திகதியையே கடவுச்சொல்லாக வைத்திருக்கிறோம் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பேசுகிறது. சொன்ன நோக்கத்துக்கு மட்டும் தரவைப் பயன்படுத்த வேண்டும், தேவை முடிந்த பின் வைத்திருக்கக் கூடாது என்பதோடு, கையில் உள்ளதைப் பாதுகாக்கவும் வேண்டும் என்கிறது. தண்டப்பணம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம்.

இரண்டும் மோதிக்கொள்ளும் இடமும் ஒன்று உண்டு. விருந்தினர் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்று பார்க்க முடியுமா, அதுவும் பாதுகாப்புத்தானே என்று அந்த உரிமையாளர் கேட்டார். முடியும். பக்கத்தின் உள்ளடக்கத்தை மறையாக்கம் மூடிவிட்டாலும், தளத்தின் பெயர் பெரும்பாலும் றவுட்டர் வழியே வெளிச்சமாகத்தான் போகிறது. ஒருவர் இரவில் எந்த நோய்க்கான தளத்தைத் திறந்தார் என்பது விடுதிக்காரருக்குத் தெரியவேண்டிய அவசியம் என்ன? களவையோ தாக்குதலையோ விசாரிக்க, எந்தக் கருவி எந்த நேரத்தில் இணைந்தது என்ற பதிவு போதும். அதையும் ஏழு நாட்களில் அழியும்படி வைத்தேன். அவர் முதலில் மனம் இல்லாமல்தான் சம்மதித்தார். வீட்டு விருந்தாளியின் பையை நாம் திறந்து பார்ப்பதில்லையே என்று நான் சொன்ன பிறகு ஒன்றும் பேசவில்லை.

கடவுச்சீட்டுகளை இப்போது வரவேற்பறைக் கணினியில், உரிமையாளரும் அந்தத் தங்கையும் மட்டும் திறக்கக்கூடிய ஒரு கோப்புறையில் வைக்கிறார்கள். வட்ஸ்அப் குழுவில் இருந்த படங்களை அன்று மாலையே ஒவ்வொருவராக அழித்தார்கள். வேலையை விட்டுப் போன இருவருக்கும் உரிமையாளர் என் முன்னாலேயே அழைப்பு எடுத்தார். ஒருவர் உடனே அழித்துவிடுவதாகச் சொன்னார். மற்றவருடைய இலக்கம் பாவனையில் இல்லை என்று பதில் வந்தது.