சார்ஜர்ல பச்சை லைட் எரிஞ்சா பேட்டரி ஃபுல்லா? அந்த 0.15 வோல்ட் எங்க போச்சு?

[திரையில்: டிபி4056 சார்ஜர் சிப் இருக்குற நீல போர்டு, பச்சை லைட். பக்கத்துல மல்டிமீட்டர், 4.20]

பச்சை லைட் எரியுது, மீட்டர் 4.20 காட்டுது. ஆனா இந்த பேட்டரி இன்னும் நிறையல. நூத்துக்கு 10-லருந்து 15 பங்கு வரைக்கும் இடம் காலியாத்தான் இருக்கு. ஏன்னா இது 4.35 வோல்ட் செல், அதாவது 4.35 வரைக்கும் ஏத்தினாத்தான் நிறையுற லித்தியம் அயான் செல். இதையே திருப்பி, ஒரு சாதா 4.20 செல்லுக்கு 4.35 கொடுத்தா உப்பலாம், தீயும் பிடிக்கலாம். ரெண்டும் வெளித்தோற்றத்துல ஒண்ணுதான். அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரே ஒரு வகுத்தல் கணக்கு போதும்.

வரலாறு சீக்கிரம் முடிச்சிடுவோம். 1991-ல சோனி லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தாங்க. ரொம்ப நாளா 4.20 வோல்ட்தான் எல்லை. ஸ்மார்ட்ஃபோன் வந்து அதே இடத்துல இன்னும் கொஞ்சம் சார்ஜ் வேணும்னு ஆனதும் 4.35, 4.40, 4.45-னு ஏறிப் போச்சு. அவ்வளவுதான் வரலாறு.

[திரையில்: நோக்கியா பிஎல்-5சி, நெருக்கமாக]

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். நம்ம வீட்டு எஃப்எம் ரேடியோல இன்னைக்கும் போடுற பிஎல்-5சி. லேபிள்ல 1020 எம்ஏஎச், 3.8 வாட்-அவர்னு இருக்கும். 1020 எம்ஏஎச்னா 1.02 ஆம்பியர்-அவர். வாட்-அவரை ஆம்பியர்-அவரால வகுங்க. 3.8 வகுத்தல் 1.02, சுமார் 3.7. இது சராசரி வோல்ட்டேஜ். 3.6, 3.7 வந்தா 4.20 செல்.

அடுத்து சாம்சங் கேலக்ஸி எஸ்3. 2100 எம்ஏஎச், 7.98 வாட்-அவர். வகுத்தா சரியா 3.8. எஸ்4-ல 2600 எம்ஏஎச், 9.88 வாட்-அவர், மறுபடியும் 3.8. இந்த 3.8 வந்தாலே 4.35 செல். 3.85 வந்தா 4.40.

ட்ரோன் பேட்டரிக்கும் இதே கணக்கு நிக்கும், பாருங்க. டிஜேஐ மினி 2: 2250 எம்ஏஎச், 7.7 வோல்ட், ரெண்டு செல் தொடர் இணைப்பு. ஒரு செல்லுக்கு 3.85. அப்ப சார்ஜ் எல்லை 4.40, ரெண்டுக்கும் சேர்த்து 8.8 வோல்ட் வரணும். அந்த பேட்டரியோட சார்ஜ் எல்லை அதே 8.8-தான்! மேவிக் ப்ரோ மூணு செல், 11.4 வோல்ட். மூணால வகுத்தா 3.8, எல்லை 13.05. ஒரு புத்தகமும் தேவையில்ல, லேபிளே எல்லாத்தையும் சொல்லிடுது.

சில ஃபோன் பேட்டரிகள்ல "சார்ஜ் வோல்ட்டேஜ்"னு எல்லையை நேரடியா அச்சடிச்சிருப்பாங்க. அது இருந்தா வகுக்கவே வேணாம், அதுதான் இறுதி.

பழைய லேப்டாப் பேக் பிரிச்சு 18650-ங்கிற உருளை செல்லை எடுக்கிறவங்க இங்க நல்லா கவனிங்க. சாம்சங் ஐசிஆர்18650-30ஏ, 32ஏ, எல்ஜி ஐசிஆர்18650 ஈ1, இதெல்லாம் 4.35 செல். அதே அளவு, அதே உருளை, பக்கத்துல இருக்குறது 4.20 செல்லா இருக்கும். கலந்து ஒரே பேக்ல போட்டுடாதீங்க. எழுத்து அழிஞ்சிருந்தா, டூப்ளிகேட்னு சந்தேகம் வந்தா, 4.20-லயே நிறுத்திடுங்க. கொஞ்சம் கொள்ளளவு போகும், வேற நஷ்டம் கிடையாது. ஆயுளும் கூடும்.

[திரையில்: இரண்டு தட்டுகள், நடுவில் நகரும் புள்ளிகள்]

4.20 செல்லால ஏன் 4.35 தாங்க முடியல? சார்ஜ் ஏத்தும்போது பிளஸ் தட்டுல இருக்குற கோபால்ட் ஆக்சைடுல இருந்து லித்தியம் கிளம்பி, மைனஸ் தட்டுல இருக்குற கிராஃபைட்டுக்குள்ள போய் உக்காரும். 4.20-ல ஏறக்குறைய பாதி லித்தியம் கிளம்பியிருக்கும். இன்னும் இழுத்தா மூணு தொல்லை: கோபால்ட் ஆக்சைடோட கட்டமைப்பு தளரும், ரெண்டு தட்டுக்கும் நடுவுல இருக்குற எலக்ட்ரோலைட் திரவம் சிதைஞ்சு வாயு வரும், கிராஃபைட்ல இடம் பத்தலைன்னா லித்தியம் உலோகமாவே மேல படியும். உயர் வோல்ட்டேஜ் செல்லுல கோபால்ட் ஆக்சைடோட அலுமினியம், மக்னீசியம் மாதிரி தனிமங்களைக் கலந்து, மேல்பூச்சும் கொடுத்து, எலக்ட்ரோலைட்டுல காப்புச் சேர்மானம் போட்டு, கிராஃபைட்டையும் அதுக்கேத்த மாதிரி கூட்டி வச்சிருப்பாங்க. வெறும் லேபிள் மாத்தி வர்ற சமாச்சாரம் இல்ல இது.

சரி, சார்ஜ் பண்றது எப்படி? டிபி4056 4.20-ல நின்னுடும், மாத்த முடியாது. அது கூட டிடபிள்யூ01ஏ காப்பு சிப் இருக்குற போர்டுன்னா, அந்த சிப்பும் 4.30 பக்கத்துல வெட்டிடும். ஒரு டயோடைச் செருகி 0.15 வோல்ட் ஏத்திடலாம்னு சிலர் சொல்வாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. டயோடோட வோல்ட்டேஜ் இறக்கம் கரன்ட்டுக்கும் சூட்டுக்கும் ஏத்த மாதிரி மாறிட்டே இருக்கும். சார்ஜ் முடியுற நேரத்துல, துல்லியம் ரொம்பத் தேவைப்படுற அந்த நிமிஷத்துல, அது எங்க நிக்கும்னே சொல்ல முடியாது.

இதுக்குன்னே சிப் இருக்கு: எம்சிபி73831. பேருக்குப் பின்னாடி வர்ற எண் முக்கியம். 2-ன்னா 4.20, 3-ன்னா 4.35, 4-ன்னா 4.40, 5-ன்னா 4.50. 2 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டா 500 மில்லிஆம்பியர், அதுதான் அதிகபட்சம். 5 வோல்ட் உள்ள வந்து செல் 3.7-ல இருக்கும்போது 0.65 வாட் சூடா அந்தக் குட்டி சிப்புல இறங்கும், அதனால செப்புப் பரப்பு தாராளமா விடுங்க. இல்லேன்னா சிப் தானா கரன்ட்டைக் குறைச்சுக்கும், நீங்க பேட்டரி போச்சுன்னு நினைப்பீங்க.

வோல்ட்டேஜையும் கரன்ட்டையும் நாமே வச்சுக்கிற பெஞ்ச் பவர் சப்ளை இருந்தா இன்னும் நல்லது. செல்லை மாட்டாமலே 4.35 வச்சுக்கோங்க. கரன்ட் எல்லை 0.5சி, அதாவது கொள்ளளவு எண்ணுல பாதி, 2600 எம்ஏஎச் செல்லுக்கு 1.3 ஆம்பியர். பிளஸ் மைனஸ் ரெண்டு தடவை பாத்துட்டு மாட்டுங்க. கரன்ட் 130 மில்லிஆம்பியருக்கு இறங்கினதும் முதல்ல செல்லைக் கழட்டுங்க, அப்புறம் சப்ளையை அணைங்க. மாத்திச் செஞ்சா செல்லுல இருந்து சப்ளைக்குள்ள கரன்ட் திரும்பி ஓடும். ஃபோன் பேட்டரின்னா அதோட சொந்த காப்பு போர்டு வழியாத்தான் மாட்டணும், டேப்பைப் பிரிச்சு நேரா செல்லுக்குப் போகக் கூடாது. பக்கத்துல ஆள் இல்லாம விடவே கூடாது.

[திரையில்: மல்டிமீட்டர் திருகி, 20 வோல்ட் ரேஞ்ச்]

இங்கதான் பலர் கோட்டை விடுறாங்க: மீட்டர். சாதாரண 2000 கவுன்ட் மீட்டர், அதாவது ரேஞ்சை 2000 படியாப் பிரிச்சுக் காட்டுறது, 20 வோல்ட் ரேஞ்ச்ல ஒரு படியே 10 மில்லிவோல்ட். துல்லியம் 0.5 சதவீதம், கூட ரெண்டு இலக்கம் (அதாவது ரெண்டு படி)னு போட்டிருந்தா, 4.35-ல பிழை 22 கூட்டல் 20, மொத்தம் 42 மில்லிவோல்ட்! 4.35-க்கும் 4.40-க்கும் இடைவெளியே 50-தான். அப்ப உங்க மீட்டரால ரெண்டையும் பிரிச்சே பாக்க முடியாது. மீட்டரைச் சரிபார்க்க துல்லியமான வோல்ட்டேஜ் கொடுக்குற ஏடி584 ரெஃபரன்ஸ் போர்டு ஒண்ணு வாங்குங்க, 2.5, 5, 7.5, 10 வோல்ட் கொடுக்கும். 5 வோல்ட்ல மீட்டர் எவ்வளவு தள்ளிக் காட்டுதுன்னு பாத்து, அதை மீட்டர் முதுகுலயே எழுதி ஒட்டிடுங்க.

இப்ப செல்லுல எவ்வளவு கொள்ளளவு மிச்சம் இருக்குன்னு பாக்குற டெஸ்ட். முழுசா ஏத்தி, ஒரு மணி நேரம் சும்மா விட்டு, 0.2சி-ல, 2600 எம்ஏஎச் செல்லுன்னா 520 மில்லிஆம்பியர்ல, 3.0 வோல்ட் வரைக்கும் இறக்குங்க. 2080 எம்ஏஎச்சுக்கு மேல வந்தா 80 சதவீதம், பயன்படுத்தலாம். ஆனா 4.20 வரைக்கும் மட்டும் ஏத்திட்டு இந்த டெஸ்ட் பண்ணினா? புத்தம் புது செல்லே 2250 பக்கம்தான் காட்டும். 90 சதவீதம் நல்லா இருக்குற செல் 2080-க்குக் கீழ விழுந்து குப்பைக்குப் போயிடும். எத்தனை நல்ல பேட்டரி இப்படித் தூக்கி எறியப்படுதோ! நினைச்சாலே மனசு கஷ்டமா இருக்கு.

பேட்டரியோட உள் தடையை அளக்க, லோடா 3.9 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போதும். லோடு இல்லாம 4.08, லோடுல 3.99-ன்னா கரன்ட் 1.02 ஆம்பியர், இறக்கம் 0.09 வோல்ட், தடை சுமார் 88 மில்லிஓம். மீட்டர் முனையைப் பேட்டரி முனையிலயே வைங்க, கிளிப்ல வச்சா கிளிப்போட தடையும் சேர்ந்துக்கும். காப்பு போர்டுல ஸ்விட்ச் மாதிரி இருக்குற மாஸ்ஃபெட்டோட தடையும் இந்தக் கணக்குல உண்டு, அதனால ஒரே மாடல் பேட்டரிகளை மட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுங்க.

ரெண்டு வோல்ட்டுக்குக் கீழ கிடந்த செல்லை எழுப்ப வேணாம், உள்ள தாமிரம் கரைஞ்சிருக்கலாம். உப்பின பேட்டரியைக் குத்தாதீங்க.

4.35-ல நிறைச்சு, சித்திரை வெயில்ல காருக்குள்ள வச்சுட்டுப் போகாதீங்க. உயர் வோல்ட்டேஜும் சூடும் சேர்ந்தா வாயு சீக்கிரம் வரும். சார்ஜ் பண்றதும் 45 டிகிரிக்குக் கீழதான். சும்மா வைக்கிற பேட்டரின்னா 3.8 வோல்ட் பக்கத்துல வைங்க.

இப்ப உங்க லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்க. 11.1-ஆ, 11.4-ஆ, 7.6-ஆ, 7.7-ஆ? தொடர்ல எத்தனை செல்லுன்னு வகுத்து, உங்களுது எந்த வகைன்னு கமென்ட்ல எழுதுங்க. லேபிள்ல புரியாத எண் இருந்தா அதையும் போடுங்க, சேர்ந்து கணக்குப் போடுவோம்.