தின் கிளையண்டுக்கு இமேஜ் எடுப்பது: ரைட் ஃபில்டரை நிறுத்துவதிலிருந்து கேப்சர் வரை

வணக்கம். என் மேசையில் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு தின் கிளையண்ட், அதாவது பெரும்பாலான வேலையைச் சர்வரிடம் விட்டுவிடும் சிறு கணினி, இருக்கிறது. அதனுள் 32 ஜிபி ஃபிளாஷ் சேமிப்பும் 8 ஜிபி ரேமும் உள்ளன. இத்தகைய கருவிகளுக்கான நீண்டகால ஆதரவுப் பதிப்பான விண்டோஸ் 10 ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 ஓடுகிறது. இதே மாடலில் இன்னும் 23 கருவிகள் ஒரு பயிற்சி மையத்தின் ஆய்வகத்துக்குப் போக வேண்டியிருக்கின்றன. இதை மாதிரியாக வைத்து ஒரு இமேஜ், அதாவது விண்டோஸும் அமைப்புகளும் அடங்கிய ஒரே கோப்பு, தயாரித்து, அதை எல்லாவற்றிலும் இறக்குவதுதான் இன்றைய வேலை. அந்த இமேஜை எடுக்கும் கேப்சர் கட்டளை ஒரே வரிதான் என்பதால், இந்தக் காணொளியின் பெரும்பகுதி அந்த வரிக்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைப் பற்றியதாகவே இருக்கும்.

கருவியை இயக்கியதும் அது கடவுச்சொல் எதுவும் கேட்காமல் சாதாரணப் பயனர் கணக்கில் தானாகவே நுழைந்துவிடுகிறது. நிர்வாகியாக நுழைவதற்கு ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடியே லாக் ஆஃப் செய்ய வேண்டும். விரலைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் மறுபடியும் பயனர் கணக்குக்குள்ளேயே போய் விழுவீர்கள்.

உள்ளே வந்ததும் முதலில் கவனிக்க வேண்டியது யுடபிள்யூஎஃப் எனப்படும் யூனிஃபைடு ரைட் ஃபில்டரை. இந்த ஃபில்டர் இயங்கும்போது சி டிரைவில் எழுதப்படும் எதுவும் உண்மையில் ஃபிளாஷுக்குப் போவதில்லை. எல்லாம் ஓவர்லே என்ற தற்காலிக இடத்தில், இயல்பாக ரேமில், 1024 எம்பி வரை சேர்ந்து, ரீஸ்டார்ட் செய்தவுடன் மறைந்துவிடும். பயிற்சி மாணவர் ஒருவர் எதைக் கலைத்தாலும் மறுநாள் காலையில் கருவி பழைய நிலையிலேயே எழுந்திருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் இமேஜ் தயாரிப்பவரையும் ஃபில்டர் மாணவரைப் போலத்தான் நடத்தும்: நீங்கள் அரை நாள் உட்கார்ந்து நிறுவிய மென்பொருளையும் ஒரே ரீஸ்டார்ட்டில் துடைத்துவிடும்.

ஆகவே நிர்வாகி கமாண்ட் பிராம்ப்ட்டில் ஃபில்டரை நிறுத்தும் கட்டளையைத் தருகிறேன். அது உடனே நின்றுவிடாது, அடுத்த ரீஸ்டார்ட்டுக்குப் பிறகுதான் நிற்கும் என்பதைக் கவனியுங்கள். திரையில் தெரியும் கெட்-கான்ஃபிக் விடையில் நடப்பு அமர்வு, அடுத்த அமர்வு என இரண்டு பகுதிகள் இருக்கின்றன. நடப்பில் 'ஆன்' என்றும் அடுத்ததில் 'ஆஃப்' என்றும் காட்டுகிறது. ரீஸ்டார்ட் செய்து, இரண்டிலும் 'ஆஃப்' என்று வந்த பிறகே அடுத்த வேலையைத் தொடுவேன்.

அப்டேட்கள், ரிமோட் டெஸ்க்டாப் அமைப்புகள், பிரிண்டர் டிரைவர் ஆகியவற்றை நிறுவுவதைச் சேர்த்துக் காட்டி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: 32 ஜிபி என்பது விண்டோஸுக்கு இறுக்கமான வீடு. அதனால் ஹைபர்னேட்டை அணைத்து அதன் கோப்பை நீக்கி, விண்டோஸோடு வரும் டிஸ்ம் கருவியின் காம்பொனென்ட் கிளீனப் கட்டளையை ரீசெட்பேஸ் சுவிட்ச்சுடன் ஓட்டி, பழைய அப்டேட் எச்சங்களைத் துடைக்கிறேன். ரீசெட்பேஸ் கொடுத்த பிறகு ஏற்கெனவே நிறுவிய அப்டேட்களைத் திரும்ப நீக்க முடியாது. ஆகவே அவற்றைச் சோதித்து முடித்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது சிஸ்பிரெப்: ஒரு கணினிக்கே உரிய விவரங்களை நீக்கி விண்டோஸைப் பொதுமைப்படுத்தும் கருவி. விண்டோஸ், சிஸ்டம்32 வழியாக சிஸ்பிரெப் கோப்புறைக்குள் போய், ஜெனரலைஸ் (பொதுமைப்படுத்த), ஓஓபிஇ (அடுத்த முறை முதல்-இயக்க அமைப்பிலிருந்து தொடங்க), ஷட்டவுன் (அணைக்க) என்ற மூன்று சுவிட்ச்களுடன், அமைப்புக் கேள்விகளுக்கு விடை தரும்படி நான் எழுதி வைத்திருக்கும் ஆன்சர் ஃபைலையும் இணைத்து ஓட்டுகிறேன். கருவிக்கே உரிய எஸ்ஐடி எனும் அடையாளத்தை நீக்குவதற்காகவே சிஸ்பிரெப் என்று பலரும் நினைக்கிறார்கள். உள்ளபடி, ஒரே எஸ்ஐடி பல கணினிகளில் இருப்பதால் மட்டும் பெரிய சிக்கல் வருவதில்லை என்று 2009-இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ருஸ்ஸினோவிச் விளக்கமாக எழுதி, அதை மாற்றுவதற்கென்றே தாம் உருவாக்கியிருந்த நியூஎஸ்ஐடி கருவியையும் விலக்கிக்கொண்டார். சிஸ்பிரெப் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. கணினிக்கென்று தனித்தனியாக இருக்க வேண்டிய விவரங்கள் எஸ்ஐடிக்கு வெளியிலும் பல இருக்கின்றன; சிஸ்பிரெப் ஓட்டாமல் படியெடுத்த விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவும் கிடையாது.

சிஸ்பிரெப் பாதியில் நின்றால் பதற்றப்படாமல் பாந்தர் கோப்புறையில் உள்ள செட்டப்ஆக்ட் லாக்கைத் திறந்து கீழிருந்து மேலாகப் படியுங்கள். பெரும்பாலும் ஒரு பயனருக்கு மட்டும் நிறுவப்பட்டு எல்லாருக்குமாக அமைக்கப்படாத ஏதோவொரு ஆப் பேக்கேஜின் பெயர் அங்கே இருக்கும். பவர்ஷெல்லில் அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டலாம். எல்டிஎஸ்சி பதிப்பில் ஸ்டோர் இல்லாததால் இந்தத் தொல்லை குறைவு.

கருவி அணைந்துவிட்டது. இனி அதை உள் சேமிப்பிலிருந்து அல்லாமல் பென்டிரைவிலிருந்து எழுப்பித்தான் கேப்சர் செய்ய வேண்டும். என் அனுபவத்தில் அதிகம் வழுக்கும் இடம் இதுதான். சென்ற மாதம் இதே கட்டத்தில் பென்டிரைவைச் செருகிவிட்டு, பூட் மெனுவுக்கான விசையை ஒரு நொடி தாமதமாக அழுத்தினேன். கருவி உள் சேமிப்பிலிருந்தே கிளம்பி, சாதனங்களைக் கண்டறியும் வேலையைத் தொடங்கி, தனக்கென்று புதிய அடையாளத்தையும் உருவாக்கிக்கொண்டது. பொதுமைப்படுத்திய நிலை அத்துடன் போய்விட்டது. அதை அப்படியே கேப்சர் செய்தால் ஒரு தனிக் கருவியின் படிதான் கிடைக்கும், பொது இமேஜ் கிடைக்காது. மீண்டும் சிஸ்பிரெப் வரை போக வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, சிஸ்பிரெப்பை ஓட்டுவதற்கு முன்பே பயாஸில் யுஎஸ்பியை முதல் பூட் வரிசைக்கு மாற்றி வைத்துவிடுகிறேன்.

பென்டிரைவில் இருப்பது விண்டோஸ் பிஇ, அதாவது பென்டிரைவிலிருந்தே இயங்கும் சிறு விண்டோஸ். மைக்ரோசாஃப்ட்டின் ஏடிகே எனும் விண்டோஸ் நிறுவல் கருவித் தொகுப்பையும் பிஇ ஆட்-ஆனையும் நிறுவி இதைத் தயாரிக்க வேண்டும். 1809 பதிப்பிலிருந்து இந்த இரண்டும் தனித்தனி டவுன்லோடுகள். பென்டிரைவை நான் இரண்டு பார்ட்டிஷன்களாகப் பிரித்திருக்கிறேன்: பூட் ஆவதற்கு 2 ஜிபி ஃபாட்32, இமேஜை வைக்க மீதி முழுவதும் என்டிஎஃப்எஸ். ஃபாட்32-இல் 4 ஜிபியைத் தாண்டும் கோப்பு நிற்காது. இது தெரியாமல் ஒரே பார்ட்டிஷனாக வைத்தவர்களுக்கு, கேப்சர் பாதி ஓடி நின்ற பிறகுதான் காரணம் புரியும்.

பிஇ எழுந்ததும் டிஸ்க்பார்ட் எனும் பார்ட்டிஷன் கருவியில் வால்யூம் பட்டியலைப் பார்க்கிறேன். இங்கே சி என்று தெரிவது உங்கள் விண்டோஸ் பார்ட்டிஷனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தக் கருவியில் அது டி ஆகியிருக்கிறது. எழுத்தை நம்பாமல் அளவையும் லேபிளையும் வைத்து அடையாளம் காணுங்கள்.

இனி இமேஜ் கோப்பின் வகை விம்மா, எஃப்எஃப்யூவா என்ற தேர்வு. விம் என்பது கோப்பு கோப்பாக எடுப்பது; பேஜ்ஃபைலையும் ஹைபர்னேட் கோப்பையும் அது தானாகவே விட்டுவிடும், கொள்ளும் அளவுள்ள எந்தப் பார்ட்டிஷனிலும் இறங்கும். ஆனால் இறக்குவதற்கு முன் ஒவ்வொரு கருவியிலும் பார்ட்டிஷன்களை நாமே பிரிக்க வேண்டும், பிறகு பிசிடிபூட் கொடுத்து பூட் கோப்புகளையும் எழுத வேண்டும். எஃப்எஃப்யூ முழு டிஸ்க்கையும் பார்ட்டிஷன்களோடு சேர்த்து செக்டர் அளவில் எடுப்பதால் ஒரே கட்டளையில் இறங்கிவிடும். ஆனால் சேருமிடத்து டிஸ்க் அதே அளவாகவோ பெரிதாகவோ இருப்பதே பாதுகாப்பு. 24 கருவிகளும் ஒரே மாடல், ஒரே கொள்ளளவு என்பதால் எனக்கு எஃப்எஃப்யூ போதும். நாளைக்கு 16 ஜிபி கருவி ஒன்றும் 64 ஜிபி கருவி ஒன்றும் கலந்து வரக்கூடிய இடமென்றால் விம்மையே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டளையைக் கொடுத்துவிட்டேன், சதவீதம் ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபில்டரை இமேஜுக்குள்ளேயே 'ஆன்' ஆக்கி வைக்காதீர்கள். கருவி முதன்முதலாக எழுந்து, பெயர் பெற்று, டொமைனில், அதாவது ஒரு சர்வர் நிர்வகிக்கும் கணினிக் குழுவில், சேர்ந்து முடித்த பிறகு, ஆன்சர் ஃபைலில் உள்ள கடைசிக் கட்டளை அதைப் போடட்டும். டொமைனில் சேர்ந்த கணினி தன் கணக்கின் கடவுச்சொல்லை இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். ஃபில்டர் இருந்தால் அந்தப் புதிய கடவுச்சொல்லும் ஓவர்லேயோடு கரைந்துவிடும். சர்வரிடம் புதியது, கருவியிடம் பழையது என்றாகி லாகின் மறுக்கப்படும். முதல் மாதம் ஒழுங்காக ஓடிய ஆய்வகம் திடீரென்று ஒரு நாள் படுத்துவிட்டால், நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். டொமைன் ரகசியத்தை, அதாவது இந்தக் கடவுச்சொல்லை, மட்டும் தக்கவைக்கும் அமைப்பு யுடபிள்யூஎஃப்பிலேயே இருக்கிறது. அதை ஃபில்டரோடு சேர்த்தே இயக்கிவிடுங்கள்.

கேப்சர் முடிந்தது. கோப்பின் பெயரில் மாடல், விண்டோஸ் பதிப்பு, இன்றைய தேதி மூன்றையும் சேர்க்கிறேன். இப்போது இரண்டாவது கருவியில் இறக்கி எழுப்புகிறேன். பெயர் மாறியிருக்கிறது, ஃபில்டர் 'ஆன்' என்று காட்டுகிறது. டெஸ்க்டாப்பில் 'சோதனை' என்று ஒரு நோட்பேட் கோப்பை வைத்து ரீஸ்டார்ட் செய்கிறேன்... டெஸ்க்டாப் வந்துவிட்டது, கோப்பு இல்லை. மீதி 22 கருவிகளுக்கும் இதே பென்டிரைவைச் செருகத் தொடங்குகிறேன்.