சோளக்காட்டுக்குப் பின்னால்

வணக்கம் நேயர்களே.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருத் தம்பி ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்தார். நல்ல பிள்ளை. பனி கொட்டினால் தன் வாசலோடு என் வாசலையும் சேர்த்து அள்ளிப் போடுகிறவர். "அக்கா, நம்ம தெருவுக்குப் பின்னாடி சோளக்காடு இருக்குல்ல, அங்க குறைஞ்ச வாடகை வீடு கட்டப் போறாங்களாம். வேண்டாம்னு டவுன்ஷிப்புக்கு மனு கொடுக்கறோம். ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். டவுன்ஷிப் என்றால் இங்கே ஊர் நிர்வாகம்.

ஏன் வேண்டாம் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கூட்டம் சேர்ந்துவிடும், வீட்டு விலை இறங்கிவிடும், திருட்டு வரும் என்றார். கடைசியில், "கஷ்டப்பட்டு வாங்கின வீடுக்கா" என்றார். அந்தக் குரலில் இருந்த பயம் நிஜமானது. முப்பது வருடக் கடனைத் தலையில் வைத்திருப்பவருக்கு அந்தப் பயம் வராமல் இருக்காது.

நான் கையெழுத்துப் போடவில்லை. உட்கார வைத்துக் காபி கொடுத்து, மவுண்ட் லாரல் என்ற ஊரின் கதையைச் சொன்னேன். நியூ ஜெர்சியில் இந்த நிகழ்ச்சியைக் கேட்கிற உங்களில் பலர் வீட்டுக்கும் இப்படி ஒரு தாள் வந்திருக்கும், இல்லை வரப்போகிறது. 2024 மார்ச்சில் வந்த மாநிலச் சட்டப்படி, 2025 முதல் 2035 வரை ஒவ்வொரு ஊரும் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்குத் தன் பங்குக்கு எத்தனை வீடுகளுக்கு இடம் தர வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். டவுன் ஹால்களில் சூடு பறப்பது அதனால்தான். அந்தச் சட்டத்தின் வேர் மவுண்ட் லாரலில் இருக்கிறது.

நியூ ஜெர்சியின் எடிசன் நகரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் அந்த ஊர். பிலடெல்பியாவுக்குப் பக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பிருந்தே அங்கே கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. எத்தல் லாரன்ஸ் அப்படி ஒரு குடும்பத்தில் ஆறாவது தலைமுறை. சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1960களில் ஊர் வளர்ந்து நிலத்தின் விலை ஏறியது. ஸ்பிரிங்வில் பகுதியில் ஏழைகள் சிலர் பழைய கோழிக் கொட்டகைகளைத் தடுத்து வீடாக்கி இருந்தார்கள். மனிதர் வசிக்கத் தகுதியில்லை என்று டவுன்ஷிப் அவற்றைக் காலி செய்ய வைத்தது. சரி, தகுதியில்லைதான். ஆனால் அவர்கள் எங்கே போவது?

அந்த மக்கள் கையேந்தவில்லை. தாங்களே கூடிப் பேசி, 36 வீடுகள் கொண்ட சிறிய குடியிருப்புக்குத் திட்டம் போட்டார்கள். வெறும் 36. ஊர் விதி அடுக்குமாடிக்கு இடம் தராததால் விதியை மாற்றக் கேட்டார்கள். 1970இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய ஜேக்கப்ஸ் சேப்பல் தேவாலயத்துக்கே மேயர் வந்தார். இந்த ஊரில் வாழ உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றால் நீங்கள் வெளியேற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு தலைமுறையாக இருந்தவர்களிடம், அவர்கள் கும்பிடுகிற இடத்திலேயே நின்று சொன்னார்.

அடுத்த வருடம் வழக்குப் போட்டார்கள். கேம்டனில் ஏழைகளுக்காக இலவசமாக வாதாடிய இளம் வழக்கறிஞர்கள் அதை எடுத்து நடத்தினார்கள். நீதிமன்றத்தில் ஊர் விதிகளை விரித்துப் போட்டபோது என்ன தெரிந்தது என்பதை நேயர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். "ஏழைகளுக்கு இடமில்லை" என்று ஒரு விதியிலும் எழுதியிருக்கவில்லை. தனி வீடுதான் கட்டலாம், மனை இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், நிலத்தில் சுமார் 29 சதவீதம் தொழிற்சாலைகளுக்கு என்று இருந்தது. அடுக்குமாடி கட்ட அனுமதி பெற்ற சில திட்டங்களிலும் படுக்கையறைகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு. பத்து வீட்டுக்கு மூன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு மேல் வந்துவிட்டால், கூடுதல் பிள்ளைகளின் படிப்புச் செலவைக் கட்டியவரே ஏற்க வேண்டும். பிள்ளை குட்டியோடு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்கு இவ்வளவு கணக்கு. இங்கே பள்ளிக்கூடத்துக்கான பணம் பெரும்பாலும் வீட்டு வரியிலிருந்து வருகிறது. அதனால் ஒவ்வொரு ஊரும் வரி கட்டுகிறவர் வேண்டும், படிக்கிற பிள்ளை வேண்டாம் என்று நினைத்தது.

1975 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. வளர்கிற ஊர் எதுவானாலும், தன் வட்டாரத்தின் ஏழைகளுக்கு வேண்டிய வீடுகளில் நியாயமான பங்குக்கு வழிவிட வேண்டும், கதவை அடைக்க விதி எழுதக் கூடாது என்றது. மவுண்ட் லாரல் என்ன செய்தது தெரியுமா? மூன்று துண்டாக மொத்தம் 20 ஏக்கரை ஒதுக்கியது. ஊரின் நிலத்தில் அது கால் சதவீதம்கூட இல்லை. வீடு கட்ட ஏற்ற இடங்களும் இல்லை. மறுபடி வழக்கு. 1983இல் நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது. ஊர் வழிவிடவில்லை என்றால், குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு ஒரு பகுதி வீடுகளை ஒதுக்க முன்வருகிற கட்டுநர் நீதிமன்றத்தின் மூலம் அனுமதி பெறலாம் என்றது. 1985இல் சட்டமன்றம் இதற்கென்று சட்டமே போட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் மவுண்ட் லாரலில் அந்த வீடுகள் எழும்பவில்லை. எத்தல் லாரன்ஸ் 1994இல் காலமானார். 1997இல் ஊர்த் திட்டக் குழுவின் முன் புதுத் திட்டம் வந்தபோது கூட்டம் நிரம்பி வழிந்தது. பள்ளிக்கூடம், விலை, திருட்டு என்று எங்கள் தெருத் தம்பி சொன்ன அதே மூன்றையும் அங்கேயும் சொன்னார்கள். கடைசியில் ஒப்புதல் கிடைத்தது. 2000இல் முதல் 100 குடும்பங்களுக்கான வீடுகள், பிறகு இன்னும் 40. அந்தக் குடியிருப்புக்கு எத்தல் லாரன்ஸ் பெயரையே வைத்தார்கள்.

அப்புறம் என்ன ஆனது? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் அவருடைய குழுவினரும் பல வருடத் தரவுகளைப் பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். அந்த வீடுகளால் சுற்றுவட்டாரத்தில் குற்றம் கூடவில்லை, வீட்டு விலை சரியவில்லை, வரி ஏறவில்லை. அக்கம்பக்கத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு அப்படி ஒரு குடியிருப்பு அங்கே இருப்பதே தெரியவில்லை. குடிவந்தவர்களை, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். குடிவந்தவர்களிடம் மன அழுத்தம் குறைந்திருந்தது, வருமானம் கூடியிருந்தது, பிள்ளைகள் படிக்கிற நேரமும் கூடியிருந்தது.

இதைக் கேட்ட தம்பி, "அது வேற ஊருக்கா" என்றார். உண்மைதான். அந்தக் குடியிருப்பைச் சுற்றியுள்ள வீடுகளைப் போலவே பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள், நல்ல நிர்வாகம் இருந்தது. அதனால்தான் நாம் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்கிறேன். நெடுஞ்சாலை ஓரத்து மூலையில் ஒதுக்கித் தள்ளாதே, மற்ற வீடுகளோடு கலந்து கட்டு, பஸ் நிறுத்தம் கொண்டுவா, மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று காட்டு. இப்படிக் கேளுங்கள். எங்கள் சோளக்காட்டின் இன்னொரு பாதியில் ஐந்து படுக்கையறை வீடுகள் வந்தபோது பள்ளிக்கூடம் நிரம்பும் என்று யாரும் மனுக் கொண்டு வரவில்லையே என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

யார் வரப்போகிறார்கள்? இந்த வட்டாரத்துக் குடும்பங்களில் பாதிப் பேர் ஒரு வருமானத்துக்கு மேலே, பாதிப் பேர் கீழே என்று கோடு போடுகிறார்கள். அந்த வருமானத்தில் 80 சதவீதம் வரை சம்பாதிக்கிறவர்கள் விண்ணப்பிக்கலாம். என் மாமியாரைக் கடைசி இரண்டு வருடம் குளிப்பாட்டி விட்ட பெண் அதற்குள்தான் வருவார். அவர் இரண்டு பஸ் மாறி வருவார். பனி நாளில் காலை ஆறு மணிக்கே கிளம்புவார். அவருக்கு எங்கள் தெருவில் வேலை இருந்தது, வீடு இல்லை.

சென்னையில் கல்யாணமான புதிதில் நாங்கள் வீடு தேடி அலைந்தோம். "சைவம் மட்டும்" என்று பலகை தொங்கும். பலகை இல்லாத வீட்டில், எந்த ஊர், எந்தத் தெரு என்று சுற்றிச் சுற்றிக் கேட்டு, எதற்கு அடி போடுகிறார்கள் என்பது நமக்கே புரிந்த பிறகு, வீடு முடிந்துவிட்டது என்பார்கள். அந்தப் படியிலிருந்து இறங்கி வந்தபோது அடித்த வெயில் எனக்கு மறக்கவில்லை. இங்கேயும் படுக்கையறையை எண்ணியும் மனையை அளந்தும் அதைத்தானே கேட்டிருக்கிறார்கள்.

தம்பி மனதை மாற்றிக்கொண்டார் என்று நான் சொல்ல மாட்டேன். காபியைக் குடித்துவிட்டு, யோசிக்கிறேன் என்றார். தாளை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார், இன்னும் கேட்டு வரவில்லை. வருகிற சனிக்கிழமை அவரையும் அவர் மனைவியையும் மவுண்ட் லாரலுக்கு அழைத்துப் போகிறேன், வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை இரவு ஏழு மணிக்கு எங்கள் டவுன் ஹாலில் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். நான் பெயர் கொடுத்துவிட்டேன். உங்கள் ஊரில் என்றைக்குக் கூட்டம் என்று பார்த்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.