ஃபேர் என்றால் நிறமா, நியாயமா?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு எங்கள் தெரு ரேஷன் கடை வாசலில் நின்று பேசுகிறேன். கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்குகிறேன், அந்தப் பலகையைப் படியுங்கள்: நியாய விலைக் கடை. ஆங்கிலத்தில் ஃபேர் பிரைஸ் ஷாப். அந்த ‘ஃபேர்’ பற்றித்தான் பேசப்போகிறேன். போன வாரம் அந்தச் சொல்லால் என் தங்கை அழுதாள்.

அவளுக்கு வரன் பார்க்கிறோம். தரகர் கொடுத்த படிவத்தில் நிறத்துக்கு எதிரே ஃபேர், வீட்டிஷ் (அதாவது கோதுமை நிறம்), டார்க் என்று மூன்று கட்டம். அவள் மாநிறம். “ஃபேர்னே போடுங்கம்மா, அப்பதான் நாலு பேர் கேப்பாங்க” என்றார் தரகர். அம்மாவும் டிக் போட்டுவிட்டார். தங்கை தாளை வாங்கி அந்த டிக்கின் மேல் கோடு போட்டு அடித்தாள், ஓரத்தில் மாநிறம் என்று தமிழில் எழுதினாள், பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அன்று இரவு அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘ஃபேகெர்’. பொருள் அழகான, இனிமையான, அவ்வளவுதான். வெளிர் நிறம் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எது அழகு என்று அந்த ஊர்க்காரர்கள் நினைத்தார்களோ அது சொல்லுக்குள் புகுந்துவிட்டது. இங்கிலாந்தில் ஒருவரை ஃபேர் என்றால் பல நேரம் பொன்னிறத் தலைமுடியைத்தான் சொல்வார்கள். நம் ஊரில் அது தோலுக்கு மட்டும் என்றாகிவிட்டது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம், பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்து க்ளோ அண்ட் லவ்லி ஆக 2020 வரை ஆனது. படிவங்களில் இன்னும் எடுக்கவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

அழகிலிருந்து குறையில்லாத, கறையில்லாத என்று பொருள் விரிந்தது. பள்ளியில் ரஃப் நோட்டில் கிறுக்கிவிட்டு ஃபேர் நோட்டில் எழுதினோமே, அது இந்தக் கறையில்லாத ஃபேர். மழை இல்லாத தெளிந்த வானமும் ஃபேர். ஓரவஞ்சனை இல்லாத நடத்தையும் ஃபேர், அதுதான் இந்தக் கடைப் பலகையில் இருப்பது. புத்தகக் கண்காட்சியை புக் ஃபேர் என்கிறோமே, அது வேறு. லத்தீனில் திருவிழா நாளைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, உருவம் மட்டும் ஒன்று.

சரி, ஆங்கிலம் படிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மதிப்பீட்டுத் தாளில் எக்ஸலன்ட், குட், ஃபேர், புவர் என்று இருந்தால், அங்கே ஃபேர் பாராட்டு இல்லை. நம் ‘சுமார்’தான், குட்டுக்கு ஒரு படி கீழே. ஆனால் எ ஃபேர் டிஸ்டன்ஸ் என்றால் சுமாரான தூரம் இல்லை, நல்ல தூரம். தரத்தைச் சொல்லும்போது இறங்குகிறது, அளவைச் சொல்லும்போது ஏறுகிறது. ‘நல்ல கூட்டம்’, ‘நல்ல அடி’ என்று நாமும் சொல்கிறோமே, அந்த ‘நல்ல’வை நினைத்துக்கொண்டால் மறக்காது.

இன்னொன்று. தமிழில் ‘செம்மை’யை எடுத்துப் பாருங்கள். சிவப்பு, அழகு, நேர்மை மூன்றும் அதற்குள் இருக்கின்றன. செந்தாமரையில் நிறம், செங்கோலில் நேர்மை. வெளிர்நிறக்காரரை நாமும் ‘நல்ல செவப்பு’ என்றுதானே சொல்கிறோம்? எங்கோ இருக்கிற இரண்டு மொழிகள், நிறத்தையும் அழகையும் நியாயத்தையும் ஒரே முடிச்சில் போட்டு வைத்திருக்கின்றன. அந்த முடிச்சைத்தான் தங்கை ஒரு பேனாக் கோட்டில் அவிழ்த்தாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

படிவம் இப்போது தரகரிடம் போய்விட்டது, அவள் எழுதியபடியே. அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. வரிசை நகர்கிறது, பையை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் படிவத்தில் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்பினீர்கள் என்று கீழே எழுதுங்கள்.